வலது தோளும் என் வீட்டுக்காரியும்

இந்த லோசர் புத்தாண்டுக்கு நான் ஒரு பெரிய தீர்மானம் செய்தேன். மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிடுவது. ஒன்றே ஒன்று. மற்ற ஆண்கள் எவ்வளவோ மறைக்கிறார்கள். சீட்டாட்டத்தை மறைக்கிறார்கள், குடியை மறைக்கிறார்கள், சிலர் இன்னொரு குடும்பத்தையே மறைத்து வைத்திருக்கிறார்கள். நான் மறைக்க நினைத்தது என் சொந்த வலது தோளை. அது என் உடம்பிலேயே இருக்கிறது. அதன்மேல் உள்சட்டை, அதன்மேல் கம்பளி அங்கி. இதைக்கூட மறைக்க முடியாதா என்று நினைத்தேன்.

முடியாது. ஆனால் அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ரிஞ்சு ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் பக்கம் வீடும் நிலமும் பெண் வழியில்தான் போகும். மாப்பிள்ளை ஒரு மூட்டைத் துணியையும் தன் வில்லையும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். அப்படித்தான் வந்தேன். வீடு என் மனைவி செல்டனுடையது. வயல் செல்டனுடையது. மாடுகள் அவள் குரலுக்குத்தான் திரும்பிப் பார்க்கும். நான் கூப்பிட்டால் அவை அவளைப் பார்த்து அனுமதி கேட்கும். ஊரில் என்னைத் தவிர எல்லாரும் அவளுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். எனக்கென்று ஊரில் இருந்தது ஊர் வில் அணியில் ஓர் இடம். அவ்வளவுதான்.

அந்த இடமும் போன வருடம் ஆட்டம் கண்டுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாங்கா ஊரோடு புத்தாண்டுக்குப் புத்தாண்டு எங்களுக்குப் போட்டி. போன வருடம் கடைசி அம்பு என்னுடையது. அது குறிப்பலகைப் பக்கமே போகவில்லை. வேலியைத் தாண்டி, மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசுவைச் சுற்றிக்கொண்டு போய், அதன் சாணியில் குத்தி நின்றது. எதிரணியைக் கேலி செய்து பாடுவது களத்தில் பெண்களின் உரிமை. தாங்காப் பெண்கள் நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டிவிட்டார்கள். நாம்கேயின் அம்பு போட்டிக்கு வரவில்லையாம், பால் வாங்க வந்ததாம். அந்தப் பாட்டு வருடம் முழுவதும் ஆற்றைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. நாற்று நடும்போது பாடினார்கள். அறுக்கும்போது பாடினார்கள். வேலை இல்லாதபோது அதையே வேலையாக வைத்துப் பாடினார்கள்.

இந்த வருடம் அந்தப் பாட்டை நிறுத்தியாக வேண்டும். அதற்காக ஒரு புது வில் செய்தேன். எங்கள் அணித்தலைவர் பென்ஜோரே தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டிய விறைப்பான மூங்கில். நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு அந்த மூங்கில் எதற்கு என்று கேட்டார். காட்டுகிறேன் என்று இழுத்துக் காட்டினேன். பாதி இழுத்ததுமே தோளுக்குள் யாரோ காய்ந்த மிளகாயின் காம்பைக் கிள்ளியதுபோல டக் என்றது. நான் மிச்சத்தையும் இழுத்தேன். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தாரே.

சுகாதார நிலையத்தில் இருந்த பையன் கையைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தான். நான் அவன் கூரையில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு அண்ணே. வெயில் காலம் வரைக்கும் கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க."

"வில்லு?"

"வில்லை இழுத்தீங்கன்னா மிச்சமும் கிழிஞ்சுடும். அப்புறம் டீக்கோப்பையைத் தூக்கக்கூட அந்தக் கை வராது."

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அவன் சின்னப் பையன், அனுபவம் போதாது, ஒரு மனிதனின் தோளைப் பார்த்தானே தவிர மனசைப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். விஷயம் வெளியே தெரிந்தால் என் இடம் யாருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். செல்டனின் தம்பி வாங்டிக்கு. மாற்று ஆளாக மூன்று வருடமாகக் காத்திருக்கிறான். நல்ல பையன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உடம்பு நல்லா இருக்கா அத்தான்?" என்று விசாரிப்பான். அந்த விசாரிப்பில் பாசம் இருக்கும், கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கும்.

முதல் சோதனை மறுநாள் காலையிலேயே வந்தது. எங்கள் ஆண்கள் உடுத்துகிற கோ என்கிற அங்கியைக் கட்டியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மடிப்புப் பிடிக்க வேண்டும், அப்படியே முழங்கால் உயரத்துக்குத் தூக்க வேண்டும், தூக்கியதை விடாமல் கச்சையை இறுக்க வேண்டும். வழக்கமாக மடிப்பைச் செல்டன்தான் பின்னால் நின்று பிடிப்பாள். அன்றைக்கு வேண்டாம் என்றேன், நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ரோஷம் வந்துச்சா?"

"ஒரு ஆம்பளைக்குத் தன் துணியைத் தானே கட்டத் தெரியணும்."

ஒற்றைக் கையால் கட்டி முடித்து வெளியே வந்தேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். பிறகு மேலிருந்து கீழே பார்த்தாள்.

"யூதென் அப்பா, ஒரு பக்கம் முழங்கால்ல இருக்கு. இன்னொரு பக்கம் தரையைக் கூட்டுது."

"திம்புல இப்ப இப்படித்தான் கட்டறாங்களாம். யூதென் போன்ல சொன்னா."

எங்கள் மகள் தலைநகர் திம்புவில் வேலை பார்க்கிறாள். என்ன பழி போட்டாலும் உடனே வந்து மறுக்க முடியாத தூரம். செல்டன் வேறு எதுவும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வெண்ணெய்த் தேநீர் ஊற்றினாள். அவள் பேசினால் எனக்குப் பயமில்லை. சரி என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்த பொருள்களெல்லாம் மேலே ஏறத் தொடங்கின. காய்ந்த மிளகாய்க் கூடை உத்தரத்துக்குப் போய்விட்டது. என் வெற்றிலைப் பெட்டி அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. பாலாடைக்கட்டிகள் கோர்த்த மாலையை எலி தொல்லை என்று கூரை ஆணியில் மாட்டிவிட்டாள். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, அதை எடுங்கள், இதை எடுங்கள் என்று அன்பாகச் சொன்னாள்.

நான் சளைக்கவில்லை. கையைத் தூக்காமல் உடம்பைத் தூக்குகிற ஒரு கலையைக் கண்டுபிடித்தேன். முக்காலி மேல் ஏறினேன். முக்காலி போதாதபோது அரிசிப் பெட்டி மேல் முக்காலியைப் போட்டு ஏறினேன். என் தலை உத்தரத்தில் இடிக்கும், கை இடுப்பளவிலேயே இருக்கும், கூடை கைக்கு வந்துவிடும். கீழே இறங்கி அவளிடம் கொடுக்கும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். நெற்றியில் மட்டும் புடைத்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் நான் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"ஏதாவது. வலி கிலி."

"வில்லாளிக்கு என்ன வலி?"

"இடது கையில சாப்பிடறீங்களே."

"ரெண்டு கையும் பழகணும்னு தலைவர் சொல்லியிருக்காரு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு அவள் சரி என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், மேலே போன பொருள்களெல்லாம் கீழே இறங்கியிருந்தன. மிளகாய்க் கூடை, வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்க் குவளை, எல்லாம் என் இடுப்பு உயரத்தில், எனக்கு இடது பக்கமாக. அன்றைக்குப் பன்றிக்கறியை வழக்கத்தைவிடச் சின்னத் துண்டாக வெட்டியிருந்தாள், கடித்து இழுக்காமல் சாப்பிடுகிற மாதிரி. ராத்திரி சும்மா இருந்தவள் திடீரென்று கடுகெண்ணெயைச் சுடவைத்து, உங்களுக்கு முதுகு வறண்டு கிடக்கிறது என்று தேய்த்துவிட்டாள். முதுகில் பாதி நேரமும் வலது தோளில் மீதி நேரமும் தேய்த்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அணியைச் சமாளிப்பது அதைவிட எளிதாக இருந்தது. போட்டி நாள் வரைக்கும் நாணைத் தொடக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார் என்றேன். எங்கள் ஆட்கள் டாக்டர் சொன்னால் சந்தேகப்படுவார்கள், ஜோசியர் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது நான் ஓரமாகக் கைகட்டி நின்றேன். கைகட்டினால் தோளுக்கும் சுகமாக இருந்தது. நாம்கே இந்தத் தடவை தவம் மாதிரி இருக்கிறான் என்று தலைவர் நாலு பேரிடம் சொன்னாராம். என் திட்டம் சின்னது. அன்றைக்கு ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொள்வது. ஒரு அம்பு பலகையில் விழுந்தால் போதும். அதற்குப் பிறகு கை போனாலும் போகட்டும்.

போட்டிக்கு முந்தைய நாள் வந்தது. அந்த நாளுக்குத்தான் நான் காத்திருந்தேன். அன்றைக்கு வில்லாளிகள் வீட்டில் படுக்கக் கூடாது. மதியமே கிளம்பி, தலைவரின் வைக்கோல் கொட்டகையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வில்களும் அங்கேதான் மாட்டியிருக்கும், அந்தப் பக்கம் பெண்கள் வரமாட்டார்கள். முந்தைய இரவு மனைவியோடு இருந்தவன் களத்தில் கால் வைத்தால் மொத்த அணியின் அம்பும் கோணலாகப் போகும் என்பது எங்கள் நம்பிக்கை. அதில் தலைவர் பென்ஜோர் ரொம்பக் கண்டிப்பு. ஒரு வருடம் சொந்தத் தம்பியையே களத்திலிருந்து திருப்பி அனுப்பியவர். ஆகவே கொட்டகைக்குள் போய்விட்டால் செல்டனின் கண்ணிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று அர்த்தம்.

வாசலில் நின்று அவளே என் கோவுக்கு மடிப்புப் பிடித்துவிட்டாள். இரண்டு பக்கமும் சரியாக முழங்காலில் நின்றது. நல்லா குறி பாருங்க என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பாவம், ஒன்றும் தெரியாதவள்.

கொட்டகைக்குப் போகிற வழியில் ஆற்றங்கரையில் இறங்கினேன். அங்கே செல்டனின் தாய்மாமா ஒரு கல் குளியல் தொட்டி வைத்திருக்கிறார். கற்களைத் தீயில் செக்கச்செவேலென்று சுட்டு மரத்தொட்டியில் தள்ளுவார். தண்ணீர் சீறிக் கொதிக்கும். அதில் மாசிபத்திரித் தழையைப் போட்டு உட்கார்ந்தால் எந்த வலியும் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும். கல் சூடேற ஒரு மதியம் ஆகும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். யாருக்கென்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். மாமா மேலே மலையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

பொழுது சாயும் நேரத்தில், கொட்டகையில் எல்லாரும் ஆரா சாராயத்தைச் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்ததும், வயிறு சரியில்லை, ஓடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நழுவினேன். தொட்டியில் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்தேன். அந்தச் சூட்டில் தோள் முதல்முறையாக என்னோடு சமாதானமாகப் பேசியது. தழை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டிருந்தது. தொட்டியின் விளிம்பில் துவட்டிக்கொள்ள ஒரு துண்டு வைத்திருந்தது. எங்கள் வீட்டுத் துண்டு மாதிரியே இருந்தது. ஒரே மாதிரி நெய்கிற துண்டுகள் ஊரில் எவ்வளவோ.

கொட்டகைக்குத் திரும்பியபோது என் தலை ஈரமாக இருந்தது, முகம் சிவந்து பளபளவென்று இருந்தது, உடம்பு முழுக்க வாசனை. ஓடையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். வாங்டி மட்டும் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் ஓடைத் தண்ணீர் மணக்கிறதே அத்தான் என்றான். படுடா என்றேன்.

மறுநாள் காலையில் களம் நிறைந்துவிட்டது. இந்தக் கோடியில் ஒரு பலகை, அந்தக் கோடியில் ஒரு பலகை. நடுவில் ஒரு அம்பு பறந்து களைத்துப்போகிற தூரம். தாங்காக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் பெண்கள் பால் வாங்க வந்த அம்பைப் பற்றிப் பாடத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பெண்களும் வரிசையாக வந்து ஓரத்தில் நின்றார்கள். நான் வில்லை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையை அங்கியின் மடிக்குள் வைத்திருந்தேன். குளியலின் சூடு ராத்திரியே இறங்கிவிட்டது. மனசு மட்டும் சூடாக இருந்தது.

அப்போது எங்கள் பெண்களின் வரிசையிலிருந்து செல்டன் தனியாக வெளியே வந்தாள். வில்களுக்குப் பக்கத்தில் வராமல் தள்ளியே நின்றுகொண்டு, தலையைக் குனிந்து, மேல்சட்டையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு, தலைவரைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா ஊருக்குத் துரோகம்."

"என்னம்மா?"

"நேத்து சாயங்காலம் இவரு வீட்டுக்கு வந்துட்டாரு."

களத்தில் சத்தம் அடங்கியது. தாங்காப் பெண்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றாள் செல்டன், இன்னும் குனிந்து. "கேக்கல."

எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று வெட்கப்பட்டது நான்தான்.

தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நேத்து எங்கடா போன?"

"ஓடைக்கு. வயிறு சரியில்ல."

"தலை ஈரமா வந்தியே."

"வழுக்கி விழுந்தேன்."

"விழுந்தவன் மேல மாசிபத்திரி வாசனை எப்படி வந்துச்சு? மாப்பிள்ளை மாதிரி சிவந்துபோய் வந்தியே."

வாங்டி பின்னாலிருந்து, நான் அப்பவே சொன்னேன் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று புரிந்தது. வீட்டுக்குப் போகவில்லை, கல் குளியலுக்குப் போனேன் என்று சொல்லலாம். தாய்மாமா சாட்சி சொல்வார். ஏன் போனாய் என்று அடுத்த கேள்வி வரும். தோளைக் காட்டச் சொல்வார்கள். தோளைக் காட்டினால் வாங்டி உள்ளே, நான் வெளியே. பேசாமல் இருந்தாலும் வாங்டி உள்ளே, நான் வெளியே. வாங்டிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எல்லா இரவும் அவனுக்குப் போட்டிக்கு முந்தைய இரவுதான்.

செல்டனைப் பார்த்தேன். தலை குனிந்தே இருந்தது. கண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. உங்கள் இஷ்டம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் இருந்தது. தோள் போன கிழவன் ஒரு பக்கம். ஒரு ராத்திரி பெண்டாட்டியைப் பிரிந்திருக்க முடியாத ஆண்பிள்ளை இன்னொரு பக்கம். யோசிக்க அதிக நேரம் இல்லை.

"ஆமா," என்றேன். "வீட்டுக்குத்தான் போனேன்."

தலைவர் என் கையிலிருந்து வில்லை வாங்கவில்லை, தொட்டால் தீட்டு. குச்சியால் ஓரமாகத் தள்ளச் சொன்னார். வாங்டி முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டு, தன் வில்லோடு முன்னால் வந்தான்.

தாங்காப் பெண்களுக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. போன வருடம் பசுவைத் தேடிப் போன அம்பு, இந்த வருடம் வழியைக் கண்டுபிடித்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாம். களமே குலுங்கியது. எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கிழவர்கள் கோப்பையை என் பக்கம் உயர்த்தினார்கள். தாங்கா அணியில் ஒருவன் ஆட்டத்துக்கு நடுவில் ஓடிவந்து என்னைத் தழுவிக்கொண்டு, இந்த வயதில் எப்படி அண்ணே என்று ரகசியமாகக் கேட்டான். பாராட்ட வருகிறவர்கள் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். எல்லாருக்கும் வலது கைப் பழக்கமா, இல்லை என் தோளுக்கு ஏதாவது ஈர்ப்பு இருக்கிறதா தெரியவில்லை. தட்டுகளெல்லாம் மிகச் சரியாக அங்கேயே வந்து விழுந்தன. பலகையில் என் அம்பு ஒன்றுகூட விழாத நாளில் என் தோளில் இத்தனை விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பெண்டாட்டியை நினைத்து அழுகிறான் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் செல்டன் வந்து என் வலது பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டாள். அதற்கப்புறம் தட்ட வந்தவர்கள் அவளைத் தாண்டித் தட்ட வேண்டியிருந்தது. யாரும் தட்டவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே நின்றாள். வாங்டி பலகையில் அடித்து எங்கள் ஆட்கள் வரிசையாக ஆடிப் பாடியபோதும் நகரவில்லை. பலகையில் அடித்ததற்கு மரியாதையாக அவன் இடுப்பில் வண்ணத் துணி செருகினார்கள். நாங்கள் ஜெயித்தோம். நாங்கள் என்றால் அவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கச்சையை அவளே அவிழ்த்தாள். அங்கியை இடது பக்கம் முதலில் கழற்றி, வலது பக்கத்தை அப்புறம் நழுவவிட்டாள். தோளைத் தொடாமல் எப்படிக் கழற்றுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"தரையைக் கூட்டிக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. வில்லாளிக்கு என்ன வலின்னீங்க. சரி, வில்லாளி போனாத்தான் வலி வெளிய வரும்னு விட்டுட்டேன்."

"உங்க மாமா சொல்லிட்டாரா?"

"மாமா எதுவும் சொல்லல. தழை இருக்கான்னு கேட்டு வந்தாரு. போட்டிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரருக்கு எதுக்குத் தழைன்னு நான் கேட்டேன். மலையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. நானே பறிச்சுக் குடுத்தேன். துண்டும் குடுத்தேன்."

"ஊர் முன்னாடி பொய் சொல்லிட்ட."

"நீங்க மூணு வாரமா சொன்னீங்க. நான் ஒரு தடவை சொன்னேன்."

"என் மானம் போச்சு."

"எங்க போச்சு? தோள் போனவருன்னு சொல்லியிருந்தா எல்லாரும் பாவம்னு சொல்லியிருப்பாங்க. இப்பப் பாருங்க, பென்ஜோர் வீட்டுப் பெரியம்மா என்கிட்ட வந்து, உன் வீட்டுக்காரருக்கு என்ன சமைச்சுப் போடறேன்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று அடக்கினேன். அவள் அடுப்பு பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள். தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவங்களுக்கு அந்தக் கை ஒரு நாளைக்கு வேணும். எனக்குக் கடைசி வரைக்கும் வேணும்."

சிவப்பரிசிச் சோற்றைப் போட்டுத் தட்டை இடது பக்கமாக வைத்தாள். சாப்பிட்டேன்.

வெயில் காலம் வந்தது. சுகாதார நிலையத்துப் பையன் கையை அசைத்துப் பார்த்து, பரவாயில்லை, லேசான வில்லாக எடுங்கள் என்றான். கோயில் திருவிழாவுக்கு அடுத்த போட்டி இருந்தது. விறைப்பு மூங்கிலை வேலிக்குக் கொடுத்துவிட்டு, பழைய வில்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் என்னை உட்காரவைத்து வெற்றிலை கொடுத்தார். அணி கூடிப் பேசி ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்.

"உன் மேல யாருக்கும் கோவம் இல்ல நாம்கே. ஆசை யாருக்கும் வரும். ஆனா ஒரு தடவை நழுவினவனை நாங்க எப்படி நம்பறது? உன் வீட்டுக்காரி வந்து, முந்தின ராத்திரி இவரு வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்னு அணி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ சொல்லிட்டா நீ தாராளமா வில்லை எடு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். செல்டன் மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கென்ன, சொல்லிவிட்டால் போகிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது.

"முதல்ல அந்தக் கையை மேல தூக்குங்க, பாப்போம்."

தூக்கினேன். காது வரைக்கும் வந்தது. வில்லுக்கு இது போதும் என்றேன்.

"எனக்குப் போதாது," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மிளகாய் நறுக்க ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் நான் அடுப்படியில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.